கலப்பும் மறைப்பும்

சாப்பாட்டைப் பற்றி எழுதுவது நம் இலக்கியச் சூழலில் இன்னும் கௌரவமான காரியமாக ஆகவில்லை. கவிதையில் படிமம் பற்றி எழுதலாம், நாவலில் காலம் பற்றி எழுதலாம். தட்டில் விழுவதைப் பற்றி எழுதினால் அது வாரப்பத்திரிகைச் சமாசாரம். ஆனால் ஒரு மனிதன் எதைத் தொடுகிறான், எதைத் தொட மறுக்கிறான், யாரோடு உட்கார்ந்து தின்கிறான் என்பதைவிட அவனுடைய மதிப்பீடுகளைத் துல்லியமாகக் காட்டும் பிரதேசம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கொள்கையளவில் ஒருவன் எதையும் ஏற்றுக்கொண்டு விடலாம். நாக்கு அவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்வதில்லை.

'ஃப்யூஷன்' என்ற சொல் வேலூர் வரை வந்து சேர்ந்துவிட்டது. சங்கீதத்தில் முன்பே புழங்கிய இந்தச் சொல்லை 1980களின் இறுதியில் சமையலுக்குக் கொண்டுவந்தவர் நார்மன் வான் ஏக்கன் என்ற அமெரிக்கச் சமையல்காரர் என்பார்கள். ஒரு தேசத்தின் பொருளையும் இன்னொரு தேசத்தின் முறையையும் ஒரே தட்டில் சேர்ப்பது. இதில் புதுமை என்ன என்று கேட்கத் தோன்றும். இந்த ஜில்லாவில் கலக்காத உணவு என்று எதைச் சொல்ல முடியும்? ஆற்காட்டு நவாபின் சமையலறை வழியாக வந்ததாகச் சொல்லப்படும் ஆம்பூர் பிரியாணியில் இருப்பது தமிழ்நாட்டுச் சீரகச் சம்பா. அதன் நிறத்துக்கும் காரத்துக்கும் காரணமான ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் மூலம் வந்தது. தக்காளியும் அந்தக் கண்டத்துப் பயிர்தான். தொட்டுக்கொள்ள வைக்கும் கத்தரிக்காய் மட்டும் இந்த மண்ணுக்கு மிகப் பழையது. 'தம்' என்ற சொல் பாரசீகம். இத்தனையும் சேர்ந்த ஒன்றை யாரும் ஃப்யூஷன் என்று சொல்வதில்லை. ஊரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். உண்மையான கலப்பு தன்னைக் கலப்பு என்று சொல்லிக்கொள்வதில்லை என்று ஒரு வாக்கியம் எழுதி இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வாக்கியமும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது போதாது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தோல் பதனிடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் வேறு விதமாகப் புலப்படும். உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிரையும் ஒட்டியிருக்கும் சதையையும் நீக்கிய பிறகே பதனிடுதல் தொடங்குகிறது. பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட குழியில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். பட்டையின் துவர்ப்பு தோலின் நாருக்குள் போய்ப் பிணைந்துகொள்கிறது. அப்புறம் அது அழுகாது. பழையபடி பச்சைத்தோலாகவும் ஆகாது. இரண்டு பொருள்கள் சேர்ந்து, இரண்டும் திரும்பிப் போக முடியாதபடி மூன்றாவதாக ஒன்றாகிவிடுகின்றன. இது ஒரு வகைக் கலப்பு. பிறகு குரோமியம் வந்தது. வாரங்கள் எடுத்ததை ஒரு நாளில் டிரம்மில் உருட்டி முடிக்கலாம் என்றாயிற்று. கடைசியில் வருவது ஃபினிஷிங்: மேல்பரப்பில் சாயம், மெழுகு, பளபளப்பு. வாங்குகிறவனின் கண் முதலில் படுவது அதில்தான். ஃப்யூஷன் ஹோட்டல்கள் இந்தக் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தவை, பிரியாணி முதல் கட்டத்தைச் சேர்ந்தது என்பதுதான் வெகுநாளாக என் எண்ணம். ருசியைப் பொறுத்தவரை இன்றும் அதுதான்.

சமீபத்தில் வேலூரில் திறந்திருக்கும் அப்படியொரு ஹோட்டலுக்கு நண்பர் ஒருவர் என்னை அழைத்துப்போனார். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். தகப்பனார் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். இவர் ஷூ கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறார். கவிதையும் எழுதுகிறார், குறைவாக, நல்ல கவிதை. ஹோட்டலில் மங்கிய வெளிச்சம், யாருக்கும் தொந்தரவு தராத சங்கீதம். பிரியாணியை உருண்டையாகப் பிடித்துப் பொரித்து, இத்தாலியப் பெயர் ஒன்றைச் சூட்டியிருந்தார்கள். கேழ்வரகு ரொட்டியை மெக்ஸிகோக்காரர்கள் பாணியில் மடித்து உள்ளே கோழி வைத்திருந்தார்கள். ஆற்காடு மக்கன் பேடாவைப் பாலாடைக்கட்டிக் கேக்கின் தலையில் உட்கார வைத்திருந்தார்கள். மோசம் என்று சொல்ல மாட்டேன். பேடா தன் இடத்தில் இருந்திருக்கலாம்.

மெனு அட்டைக்குத் தோல் உறை போட்டிருந்தது. நண்பர் அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார். "எருமை. மேல்பக்கத்தைத் தேய்ச்சு எடுத்துட்டு பிரிண்ட் போட்டிருக்காங்க" என்றார். அவருக்கு அது தொழில். நான் உறையைத் திறந்து அட்டையைப் படித்தேன். கோழி இருந்தது, ஆடு இருந்தது, இறால், மீன், காளான், பன்னீர் எல்லாம் இருந்தன. உறையாக இருந்த பிராணி உள்ளே இல்லை.

இதைச் சொன்னேன். ஃபினிஷிங் பற்றிய என் சித்தாந்தத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க சொல்ற ஆழமெல்லாம் சரிதாங்க. ஆனா பழசுன்னு நீங்க கொண்டாடறது இருக்கே, அதுல யார் எங்க உக்காரணும்னு ஏற்கனவே முடிவாயிருக்கு. எங்க ஊர்ல நான் எந்தக் கடையில நுழையறேன்னு பாத்தே நான் யாருன்னு சொல்லிடுவாங்க. இந்தக் கடைக்கு வயசு மூணு மாசம். இதுக்கு ஞாபகமே கிடையாது. இந்த அட்டையில இருக்கற பேர் எதுவும் எனக்குப் புரியல. பக்கத்து மேசைக்காரனுக்கும் புரியல. ரெண்டு பேரும் ஒரே மாதிரி முழிக்கிறோம். அது எனக்குப் புடிச்சிருக்கு."

இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. மரபின் ஆழத்தைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் அந்த ஆழத்தில் தமக்கென்று ஒரு நல்ல இடம் இருந்தவர்கள். மற்றவர்களுக்கு ஞாபகம் இல்லாத இடமே முதல் விடுதலை. ரயில்பெட்டியும் சினிமாக் கொட்டகையும் செய்த காரியத்தை, அரைகுறையாகவேனும், இப்போது இந்தக் கண்ணாடி ஹோட்டல்கள் செய்கின்றன. மேலோட்டமானது என்று ஒன்றை நிராகரிக்கும் முன், ஆழத்தில் யார் யார் மூழ்கடிக்கப்பட்டார்கள் என்று விசாரிப்பது விமர்சகனின் கடமை.

ஆனால் அதே இரவு இன்னொன்றையும் கவனித்தேன். பேச்சு வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பி, அம்மா கொடியில் உலர்த்தும் உப்புக்கண்டத்தைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பரிமாறுகிற பையன் தண்ணீர் ஊற்ற வந்தான். 'மாட்டுக்கறி' என்று ஆரம்பித்தவர் 'பீஃப்' என்று முடித்தார். குரல் தணியவில்லை, சொல் மட்டும் மாறியது. பையன் போன பிறகும் மாறிய சொல் மாறியபடியே இருந்தது.

இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கிலீஷ் சொல்லுக்கு வாசனை கிடையாது. எந்தத் தெரு, எந்தச் சட்டி, எந்தக் கொடி என்று அது சொல்லாது. தோல் உறைக்கு மேல் போட்ட பிரிண்ட் மாதிரி, அசல் தோலின் தழும்பையும் ரேகையையும் தேய்த்துவிட்டு எல்லாப் பிராணிக்கும் பொதுவான ஒரு முகத்தைக் கொடுக்கிறது. ஞாபகம் இல்லாத இடம் அவரிடம் யாரென்று கேட்கவில்லை என்பது வாஸ்தவம். கேட்காமலிருப்பதற்கு ஈடாக, அவராகச் சொல்லாமலிருப்பதை வாங்கிக்கொண்டது.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் பேக்கிங் கிரெடிட் லெட்ஜரும் ஏற்றுமதி பில்களும் தினமும் என் கை வழியாகப் போகின்றன. அவற்றில் 'கௌ கிரஸ்ட்', 'பஃப் காஃப்' என்று மாடும் எருமைக் கன்றும் தத்தம் பெயரோடேயே ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் கப்பலேறுகின்றன. கவுண்டருக்கு இந்தப்புறமோ அந்தப்புறமோ இருக்கும் எவருக்கும் அந்தப் பெயரை எழுத, வாசிக்க, கையெழுத்திடக் கூச்சமில்லை. சனாதனிகளும் கையெழுத்திடுகிறார்கள். அந்நியச் செலாவணியில் தீட்டு ஒட்டுவதில்லை. ஒரே பிராணியின் வெளிப்பகுதி வியாபாரம், உள்பகுதி அசிங்கம் என்ற இந்தப் பிரிவினையை எந்த அறுப்புக் கத்தியாலும் செய்ய முடியாது, மனசால்தான் முடியும்.

2022 மே மாதம் இது தெருவுக்கே வந்தது. 2019ல் வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. அந்த மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா ஒன்றை அறிவித்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்று தெரிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. வெளியே நாங்களே இலவசமாக வழங்குவோம் என்று சில அமைப்புகள் அறிவித்தன. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. இதை ஏன் பாகுபாடாகக் கொள்ளக்கூடாது என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது.

விலக்கியதற்குச் சொல்லக்கூடிய நியாயம் நமக்குத் தெரிந்ததுதான்: எல்லோரும் வர வேண்டுமானால் சிலருக்கு ஒவ்வாததை நீக்கித்தானே ஆக வேண்டும்? இது வெறும் நிர்வாகத் தந்திரம் என்று தள்ளிவிட முடியாத கேள்வி. பொதுவான மேசை ஒன்றைப் போடுவது எப்படி? ஒவ்வொருவரும் தம்முடையதைக் கொண்டுவந்து வைப்பது ஒரு வழி. ஒவ்வொருவரும் தம்முடையதில் கொஞ்சத்தை வெளியே விட்டுவிட்டு வருவது மற்றொரு வழி. இரண்டாவது வழி நாகரிகமானது என்றும் வாதிக்கலாம். விருந்தாளிக்காக நாம் அன்றாடம் இப்படி எத்தனையோ விட்டுக்கொடுக்கிறோம். என் வீட்டுக்கு வருபவருக்குப் பூண்டு ஆகாதென்றால் அன்று பூண்டு போடுவதில்லை.

ஆனால் விட்டுக்கொடுப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அது சுற்றி வர வேண்டும். இன்று நான் உனக்காக நீக்கியதை நாளை நீ எனக்காகச் சகித்துக்கொள்ள வேண்டும். எப்போதும் ஒரே ஆளின் சட்டியே வாசலில் இறக்கி வைக்கப்படுமானால் அது விட்டுக்கொடுத்தல் ஆகாது. பழைய ஏற்பாடு, புதிய மேஜை விரிப்பு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவே. அம்பேத்கர் 1948ல் வெளியிட்ட 'தீண்டப்படாதோர்' பற்றிய நூலில் தீண்டாமையின் தோற்றத்தை மாட்டிறைச்சி உண்பதோடு இணைத்துப் பார்த்தார். சரித்திர ஊகம் என்ற அளவில் அதைப் பற்றி விவாதிக்கலாம். ஆனால் ஒரு உணவை நீக்குவது என்பது இந்தத் தேசத்தில் உணவை மட்டும் நீக்குவதாக என்றைக்குமே இருந்ததில்லை என்ற அவருடைய உள்பார்வையை யாரும் இன்னும் பொய்யாக்கவில்லை.

கலப்பைத் தானாகவே ஒரு நற்குணமாக எண்ணுபவர்களுக்கு இன்னொரு தோல் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்கத்தாவின் டாங்ரா. ஹக்கா சீனர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்திலிருந்து அங்கே தோல் பதனிட்டார்கள்; ஜாதி இந்துக்கள் தொடாத வேலை என்பதால் அந்நியனுக்கு அதில் இடம் கிடைத்தது. சோயாவும் பச்சை மிளகாயும் சேர்ந்த இந்தியச் சீன உணவு வளர்ந்த மண் கல்கத்தாவின் சீனத் தெருக்களும் இந்த டாங்ராவும்தான். மஞ்சூரியனை 1975ல் பம்பாயில் முதலில் செய்தவராகச் சொல்லப்படும் நெல்சன் வாங்கும் கல்கத்தாவில் பிறந்தவர். இன்று ஆம்பூர் பஜாரில் தள்ளுவண்டியில் கோபி மஞ்சூரியன் தின்னும் பையனுக்கு, அந்த ருசியும் தன் ஊரைப் போன்ற ஒரு தோல் ஊரின் வழியாக வந்தது என்று தெரிய வேண்டியதில்லை.

ஆனால் 1962 யுத்தத்தின்போது நடந்ததை மறக்க முடியாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் உட்பட சுமார் 3000 சீன வம்சாவளியினரை ரயிலேற்றி ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். அடைத்த அதிகாரிகளில் சிலர் அதற்கு முந்தின வாரம் சீன ஹோட்டலில் சாப்பிட்டிருக்கக்கூடும். அவர்கள் ருசி விசாலமாகத்தான் இருந்திருக்கும். நாக்கு ஏற்றுக்கொண்டுவிட்டதால் மனிதனையும் ஏற்றுக்கொண்டு விட்டதாக அர்த்தமில்லை. பிறகு 1996ல் உச்ச நீதிமன்றம் கல்கத்தா டேனரிகளை ஊருக்கு வெளியே போகச் சொன்னது. டாங்ராவில் டேனரிகள் குறைந்து ஹோட்டல்கள் நின்றன. தோலின் நாற்றம் போய் உணவின் வாசனை மிஞ்சியது என்று இதை அழகாகச் சொல்லலாம். அழகாகச் சொல்வதில் உள்ள ஆபத்தும் அதுதான்.

அதே 1996, ஆகஸ்ட் 28ஆம் தேதி, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் பாலாற்றை நாசமாக்கிய டேனரிகள் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்ட தீர்ப்புகளில் ஒன்று அது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றைப் பற்றி மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. இதற்கிடையில் 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சந்துகளில் வங்காள எழுத்தில் போர்டு போட்ட மெஸ்கள் இருக்கின்றன. நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள் கடுகு அரைத்த மீன்குழம்பும் சாதமும் சாப்பிட்டுவிட்டு வார்டுக்குத் திரும்புகிறார்கள். இதுவும் கலப்புதான். தேர்ந்தெடுத்துக் கலக்கவில்லை, நோயும் கூலியும் கொண்டுவந்து கலந்திருக்கின்றன. இதற்கு மெனு அட்டை கிடையாது. இதை யாரும் திருவிழாவாகக் கொண்டாடவும் மாட்டார்கள்.

ஆக, கலப்பை அளக்க நமக்கு வேறு ஒரு அளவுகோல் வேண்டும். எத்தனை தேசத்துப் பொருள் சேர்ந்தது என்பதும் எவ்வளவு ஆழமாகச் சேர்ந்தது என்பதும் இரண்டாம்பட்சம். சேர்ந்தவற்றுள் எது தன் பெயரோடு உள்ளே வந்தது, எது தன் பெயரை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தது என்பதே முதல் கேள்வி. இப்படிப் பார்த்தால் என் நண்பர் விரும்பும் ஹோட்டலும் தேறாது, நான் விரும்பும் பழைய பிரியாணிக் கடையும் தேறாது. முன்னதில் அவர் பெயர் கேட்கப்படுவதில்லை; பின்னதில் கேட்காமலே தெரிந்துவிடுகிறது. பெயரைச் சொல்லி, சொன்ன பிறகும் அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கும் மூன்றாவது மேசை ஒன்று வேண்டும். அது எங்கேயும் முழுசாகப் போடப்படவில்லை. ஆனால் அது இல்லாததற்காக முன்னதைப் பரிகசிக்கும் உரிமை, வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சொல்லை மாற்ற வேண்டிய அவசியம் நேராதவர்களுக்குக் கிடையாது.

இதை இந்தப் பத்திரிகையின் பக்கங்களில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நவீனத் தமிழ் எழுத்தும் ஒரு ஃப்யூஷன்தான். எலியட்டையும் காஃப்காவையும் சித்தர்களையும் ஒரே தட்டில் வைத்தோம். சமஸ்கிருதமும் இங்கிலீஷும் கலந்த ஒரு விமர்சன பாஷையைச் செய்துகொண்டோம். இந்தக் கட்டுரையும் அதில்தான் எழுதப்படுகிறது. அந்தப் பாஷைக்கு ஞாபகம் இல்லை என்பது ஒரு காலத்தில் அதன் பலம். யார் எழுதினாலும் ஒரே மாதிரி இருந்தது, வம்சாவளி கேட்கவில்லை. ஆனால் சிறுபத்திரிகைகள் தீவிரமாக இயங்கிய அந்த இருபது வருஷங்களில் சுண்ணாம்புக் குழியில் நின்றவனின் பேச்சு எத்தனை பக்கங்களில் அதன் சொந்தப் பெயரோடு வந்தது? 1992ல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அதன் மொழி கொச்சை என்று சிலருக்குக் கூசியது. டி. செல்வராஜ் திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றி 'தோல்' நாவலை 2010ல் வெளியிட்டார். 2012ல் சாகித்ய அகாதெமி அதைக் கவனித்தது. நம்மில் எத்தனை பேர் அதை உருவம் பற்றிய கேள்வியாகவும் எடுத்துக்கொண்டு விவாதித்தோம்? 'யதார்த்தவாதம்' என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டோம். அதுவும் வாசனை இல்லாத சொல்தான்.

என் நண்பரின் கவிதைகளில் ஆறு இருக்கிறது, வெயில் இருக்கிறது, ஊர் இருக்கிறது. அவற்றைப் பாராட்டி நானே எழுதியிருக்கிறேன், இப்போதும் பாராட்டுகிறேன். கொடியில் உலரும் உப்புக்கண்டம் அவற்றில் இல்லை. அதை எழுத வேண்டும் என்று அவரை வற்புறுத்துவது இன்னொரு அதிகாரம். தன் வீட்டுச் சட்டியைக் காட்சிக்கு வைக்கும் கடமை எந்தக் கவிஞனுக்கும் கிடையாது. நாம் செய்யக்கூடியது வேறு. அவர் அதை எழுத நினைக்கும் நாளில், சொல்லை மாற்றியாக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எழாத மாதிரி ஒரு வாசக சமூகமாக நாம் இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் சில நூறு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். ஒரு மேசை போடுவதற்கு அந்த எண்ணிக்கை குறைவில்லை.